முயலின் பதினெட்டு நகங்கள்

வீட்டில் ஓர் உயிரை வளர்க்க முற்படும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி, "அது என்ன தின்னும்?" என்பதே. அடுத்த கேள்வி, "அதை எங்கே விடுவது?" என்பது. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் வளர்ப்பவர் கடமை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். நம் முன்னோர் அவ்வளவில் நிற்கவில்லை. காங்கயம் காளையை வண்டியில் பூட்டியவர்கள் அதன் குளம்பையும் பார்த்தார்கள்; கல் பாவிய சாலையில் குளம்பு தேயும் என்பதை அறிந்து லாடம் அடிக்கச் செய்தார்கள். மழைக்காலத்தில் ஈரத்தரையில் அடைபட்டுக் கிடக்கும் ஆட்டின் குளம்பு தேயாமல் நீண்டுவிட்டால், கத்திகொண்டு அதைச் சீவிவிட்டார்கள். ஆகவே, காலைப் பார்த்து வளர்ப்பது கொங்கு நாட்டு உழவருக்குப் பழகிய வழக்கம். அவ்வழக்கத்தை அறிந்த நாமே, வீட்டுக்குள் வந்து சேர்ந்திருக்கும் ஒரு சிறிய உயிரின் காலைப் பார்க்க மறந்துவிடுகிறோம். அவ்வுயிர் முயல்.

நான் வாழும் துடியலூர், கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. 2011 ஆம் ஆண்டில் இவ்வூர் கோவை மாநகராட்சியோடு இணைந்தது. சோளமும் பருத்தியும் விளைந்த காடுகள் பல வீட்டு மனைகளாகிவிட்டன. சாணம் தெளித்த மண் வாசல் போய், வழவழப்பான டைல்ஸ் பதித்த தரை வந்துவிட்டது. இப்படிப்பட்ட வீடுகளில்தான் இன்று குழந்தைகள் ஆசையோடு முயல் வளர்க்கிறார்கள். ஆசை நல்லதே. ஆனால், தரை மாறியதை நாம் அறிந்த அளவுக்கு முயலின் கால் அறியவில்லை. அக்கால் இன்னும் மண்ணையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான் இன்று சொல்ல விரும்புவது ஒன்றே. முயலின் நகம் மண்ணுக்காக அமைந்த கருவி. மண்ணிலிருந்து முயலைப் பிரித்து வீட்டுக்குள் வைத்தவர், மண் செய்துவந்த வேலையைத் தாமே செய்யக் கடமைப்பட்டவர். இதை உணர்ந்தால் மற்றவை எல்லாம் தாமே விளங்கும்.

முதலில் முயல் என்ற சொல்லைப் பற்றிச் சிறிது பார்ப்போம். தமிழில் முயல் என்று நாம் அழைப்பன இருவகை. நம் மேய்ச்சல் நிலங்களிலும் மலையடிவாரங்களிலும் அந்தி வேளையில் பாய்ந்தோடுவது காட்டு முயல். அது வளை தோண்டி வாழ்வதில்லை; புல்லின் நடுவே சிறு பள்ளத்தில் பதுங்கிக் கிடக்கும். அதன் குட்டி பிறக்கும்பொழுதே கண் திறந்திருக்கும். உடலில் மயிர் மூடியிருக்கும். அதைப் பிடிப்பதும் வீட்டில் அடைத்து வளர்ப்பதும் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாம் வீட்டில் வளர்ப்பது குழிமுயல். அதன் முன்னோர் தாயகம் ஐரோப்பாவின் தென்மேற்கே உள்ள ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகள் அடங்கிய நிலப்பகுதி. அது வளை தோண்டிக் கூட்டமாக வாழும் இனம். அதன் குட்டி கண் திறவாமல், மயிரின்றிப் பிறக்கும். அத்தகைய குட்டிக்கு ஆழமான வளை வேண்டும். வளைக்குத் தோண்டும் கால் வேண்டும். தோண்டும் காலுக்கு வலிய நகம் வேண்டும். முயலின் நகம் அழகுக்கு வந்ததன்று. அதன் வாழ்வுக்கே அடிப்படையானது.

இந்த நகத்தின் வலிமைக்கு ஆஸ்திரேலிய நாட்டின் வரலாறே சான்று. 1859 ஆம் ஆண்டில் விக்டோரியா மாநிலத்தில் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைப் பொழுதுபோக்குக்காக இங்கிலாந்திலிருந்து இரண்டு டஜன் அளவில் முயல்களை வரவழைத்துத் தம் பண்ணையில் விட்டார். அவை பெருகி நாடெங்கும் பரவின. மேற்கு ஆஸ்திரேலிய அரசு 1901 ஆம் ஆண்டில் தொடங்கி 1907 ஆம் ஆண்டு வரை நீண்ட முயல்வேலிகளை அமைத்தது. அவற்றுள் முதல் வேலியின் நீளம் மட்டுமே 1,800 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வேலியின் கம்பிவலையைத் தரைக்கு மேல் நிறுத்தியதோடு விடாமல் தரைக்குள்ளும் புதைத்தார்கள். ஏன்? முயல் அடியில் தோண்டிக்கொண்டு அப்பால் போய்விடும் என்பதனால்தான். ஓர் அரசையே மண்ணுக்குள் வேலி புதைக்கச் செய்த அந்த நகம், இன்று நம் வீட்டுக் கூண்டுக்குள் செய்வதற்கு வேலையின்றி வளர்ந்துகொண்டே இருக்கிறது.

ஆம், வளர்ந்துகொண்டே இருக்கிறது. முயலின் நகம் வாழ்நாள் முழுவதும் வளர்வது. மண்ணைத் தோண்டும் முயலுக்கு வளர்ச்சியும் தேய்வும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். வண்டிக்காளையின் குளம்பு வளர்வதைக் காட்டிலும் விரைவாகத் தேய்ந்தது. ஆகவே லாடம் வேண்டியிருந்தது. வீட்டு முயலின் நகம் வளர்கிறது, தேய்வதில்லை. ஆகவே நகவெட்டி வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

இனி அந்த நகத்தை அருகிலிருந்து பார்ப்போம். முயலின் முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து நகங்கள். பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு. ஆக மொத்தம் 18. முன்னங்காலின் ஐந்தாவது நகம் மற்றவற்றோடு வரிசையில் இராது. நம் கட்டைவிரல்போல உட்புறத்தில், சற்று மேலே, மயிருக்குள் மறைந்திருக்கும். "நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்" என்று சாதிப்பவரைப் பற்றி நம் பழமொழி பேசுகிறது. முயல் வளர்ப்போரிற் பலர் தம் முயலுக்குப் பதினாறே நகம் என்று எண்ணியிருப்பதை நான் கண்டிருக்கிறேன். மறைந்திருக்கும் அந்த இரண்டு நகங்களே பெரும்பாலும் தொல்லை தருவன. அவை தரையில் படுவதே இல்லை. ஆதலால் தேய்வதும் இல்லை. கவனியாது விட்டால் கொக்கிபோல வளைந்து விரற்சதையிலேயே குத்தத் தொடங்கும்.

நாய்க்கும் பூனைக்கும் உள்ளங்காலில் மெத்தென்ற திண்டுகள் உண்டு. முயலுக்கு அவை இல்லை. மயிரடர்ந்த தோலே அதன் பாதம். பூனை தன் நகத்தை வேண்டும்பொழுது உள்ளே இழுத்துக்கொள்ளும். முயலால் அது முடியாது. எப்பொழுதும் நீட்டியே இருக்கும் நகம், எதிலும் மாட்டிக்கொள்ளும் நகம்.

"நகமும் சதையும்போல" என்று நெருங்கிய நட்பைக் குறிக்கிறோம். முயலின் நகத்தைக் கையாள்பவர் இத்தொடரின் நேர்ப்பொருளை நன்கு அறிந்திருக்க வேண்டும். நகத்தின் வெளிப்பகுதி மயிரும் கொம்பும் எப்பொருளால் ஆனவையோ அதே பொருளால் ஆனது. அதில் உணர்ச்சி இல்லை, வெட்டினால் வலிக்காது. ஆனால், அந்த உறைக்குள்ளே முக்கால் பகுதி வரையிலுங்கூட உயிருள்ள சதை நீண்டிருக்கும். அதில் இரத்தக்குழாய்களும் நரம்பும் ஓடுகின்றன. வெள்ளை முயலின் நகம் கண்ணாடிபோன்றது; வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இளஞ்சிவப்புக் கோடாக உயிர்ச்சதை தெரியும். சாம்பல் நிற முயலுக்கும் கறுப்பு முயலுக்கும் நகமும் கறுத்திருக்கும். அங்கே வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. டார்ச் விளக்கை நகத்தின் அடிப்புறத்தில் பிடித்தால் உயிர்ச்சதை நிழல்போலத் தென்படும்.

நீண்ட நகத்தால் என்ன கேடு என்று கேட்கலாம். முதற்கேடு, மாட்டிக்கொள்வது. கம்பியிடுக்கிலும் துணியிழையிலும் நகம் சிக்கும்பொழுது முயல் அஞ்சித் துள்ளும். அத்துள்ளலில் நகம் பிளக்கலாம், பெயர்ந்துவிடலாம், விரலெலும்பே முறியலாம். இரண்டாவது கேடு, நடை மாறுவது. நகம் தரையில் முட்டி விரலை மேலே தூக்கும். அப்பொழுது உடற்பாரம் விரல்களிலிருந்து பின்னோக்கிச் சாய்ந்து, பின்னங்காலின் குதிப்பகுதியில் இறங்கும். அங்குள்ள மயிர் தேய்ந்து, தோல் சிவந்து, நாளடைவில் புண்ணாகும். அப்புண் முற்றினால் எலும்பு வரை செல்வதும் உண்டு, ஆற்றுவது எளிதன்று. பருத்த முயலுக்கும், கம்பிமேல் வாழும் முயலுக்கும், மயிர் குட்டையான இனங்களுக்கும் இது விரைவில் வரும்.

கம்பிமேல் வாழும் முயல் என்றேன். அந்தக் கூண்டு நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதையும் அறியவேண்டும். கொடைக்கானல் மலையில் உள்ள மன்னவனூரில் மத்திய ஆடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. அங்கு வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா முதலிய இன முயல்களை வளர்த்து ஆராய்கிறார்கள். நீலகிரியில் சாந்திநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்திலும் முயல்கள் வளர்க்கப்படுகின்றன. பண்ணை முறையில் கம்பிவலைத் தரைக்கு ஒரு காரணம் உண்டு: புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்துவிட்டால், கழிவின் வழியாகப் பரவும் குடல்நோய் குறையும். அக்கூண்டின் அமைப்பைப் பார்த்தே வீட்டுக் கூண்டுகளும் செய்யப்பட்டன. பண்ணையின் தேவை வேறு. வீட்டின் தேவை வேறு. ஒரே ஒரு முயலை வைத்திருப்பவர் நாள்தோறும் தரையைத் துடைத்துத் தூய்மை செய்ய இயலும். ஆகவே, கூண்டு கம்பித் தரையுடையதானால், அதன் பாதிக்கு மேலான இடத்தில் சமமான பலகையோ தடித்த புற்பரப்போ இட்டு, கால் ஊன்ற வழி செய்யவேண்டும்.

இனி, நகம் வெட்டும் முறைக்கு வருகிறேன். வாரத்திற்கு ஒரு முறை நகங்களைப் பார்ப்பதும், நான்கிலிருந்து ஆறு வாரத்திற்கு ஒரு முறை வெட்டுவதும் பெரும்பாலான முயல்களுக்குப் பொருந்தும். பாதத்து மயிரைத் தாண்டி நகம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும், டைல்ஸ் தரையில் நடக்கும்பொழுது டக் டக் என்ற ஓசை கேட்டாலும் வெட்டும் காலம் வந்துவிட்டது என்று அறியலாம்.

வெட்டுவதற்கு முன்பு பிடிக்கத் தெரியவேண்டும். சந்தையில் முயலைக் காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவதை நாம் காண்கிறோம். அது பெருங்கொடுமை. முயலின் எலும்புக்கூடு மிக இலேசானது. உடல் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவே இருக்கும். ஆனால், அதன் பின்னங்கால் தசையோ மிக வலியது. பின்புறத்தைத் தாங்காமல் தூக்கினால், அது உதைக்கும் உதையில் அதன் முதுகெலும்பே முறிந்துபோகும்; பின்னங்கால்கள் செயலற்றுவிடும். நகம் வெட்டப்போய் முதுகை முறித்த கதையாகிவிடக் கூடாது. ஒரு கையை மார்பின் கீழும் மற்றொரு கையைப் பின்புறத்தின் கீழும் கொடுத்துத் தூக்கி, உடலோடு அணைத்துக்கொள்ள வேண்டும்.

மல்லாக்கப் படுக்கவைத்தால் முயல் அசையாமல் கிடக்கும். அப்பொழுது வெட்டுவது எளிது என்று சிலர் கூறுவர். அந்த அசைவின்மை அமைதியன்று. பகைவிலங்கின் வாயில் அகப்பட்ட முயல் செத்ததுபோலக் கிடக்குமே, அந்த அச்சத்தின் வடிவமே அது. ஆகவே அவ்வழி வேண்டா.

காலைக் குளிர்ச்சியில் இவ்வேலையை வைத்துக்கொள்வது நல்லது. முயலுக்கு நம்மைப்போல வியர்வையால் உடல் குளிர்வதில்லை. பெரும்பாலும் காதுகளின் வழியே வெப்பத்தைப் போக்கிக்கொள்கிறது. சித்திரை வெயிலில், அச்சமும் சேர்ந்தால் அது தாங்காது. இருவர் இருந்தால் நலம். ஒருவர் தரையில் அமர்ந்து, ஒரு துண்டில் முயலைச் சுற்றி, மூக்கு மூடாதவாறு மடியில் வைத்துக்கொள்ளட்டும். மற்றொருவர் ஒவ்வொரு காலாக வெளியே எடுத்து, விரலிடையே மயிரை ஒதுக்கி, நகத்தைப் பார்க்கட்டும். சிறு பிராணிகளுக்கென்று கத்தரிபோன்ற நகவெட்டி கடைகளில் கிடைக்கிறது. அது கூர்மையாக இருக்கவேண்டும். மழுங்கிய கருவி நகத்தை வெட்டாது, நசுக்கிப் பிளக்கும். உயிர்ச்சதை முடியும் இடத்திற்கு முன்னே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடம் விட்டு வெட்டுக. கறுத்த நகத்தில் ஐயம் ஏற்பட்டால், நகவெட்டியை இடத்தில் வைத்து வெட்டாமல் மெல்ல அழுத்திப் பாருங்கள். முயல் காலை வெடுக்கென்று இழுத்தால் அங்கே உயிர்ச்சதை உண்டு. இன்னும் நுனிக்குச் செல்லுங்கள். முயல் பொறுமை இழந்தால் நிறுத்திவிடுங்கள். இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று நான்கு நாளில் முடித்தாலும் தவறில்லை. நெடுநாள் வெட்டாத நகத்தில் உயிர்ச்சதையும் கூடவே நீண்டிருக்கும். அதனை ஒரே நாளில் குறைக்க முயலாதீர்கள். இரண்டு வாரத்திற்கு ஒரு முறை நுனியை மட்டும் சிறிது சிறிதாக வெட்டிவந்தால் உள்ளிருக்கும் சதையும் மெல்லப் பின்வாங்கும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில வேளைகளில் உயிர்ச்சதையில் வெட்டுப் பட்டுவிடும். இரத்தம் சொட்டும். அப்பொழுது கைகால் பதறக் கூடாது. முயலின் உடலில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 60 மில்லிலிட்டர் இரத்தம் உண்டு. இரண்டு கிலோ முயலுக்கு அது ஏறத்தாழ 120 மில்லிலிட்டர். நகத்திலிருந்து வடியும் சில துளிகளால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால், அரை தம்ளர் அளவே உள்ள மொத்த இரத்தத்தில் தொடர்ந்து வடியவிடவும் கூடாது. தூய துணியை நகநுனியில் வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா நின்றதா என்று இடையிடையே எடுத்துப் பார்ப்பவர் உறையத் தொடங்கிய இரத்தத்தைத் தாமே கலைத்துவிடுகிறார். துணியால் மட்டும் நிற்கவில்லையானால் கடையில் விற்கும் கார்ன்பிளவர் மாவையோ மைதா மாவையோ நகநுனியில் அப்பி மீண்டும் அழுத்துங்கள். கால்மணி நேரம் ஆகியும் நில்லாவிடில் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

வெட்டுக் காயத்தைவிடக் கடியது, நகம் பெயரும் காயம். எங்கள் தெருவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் வெள்ளை முயல் ஒன்றை வளர்க்கிறாள். குளிர்காலத்தில் அதற்கு இதமாக இருக்கட்டும் என்று கூண்டில் கோணிச்சாக்கை விரித்திருந்தாள். எண்ணம் நல்லதே, ஆனால், சாக்கின் தளர்ந்த இழைகள் நீண்ட நகத்திற்குக் கண்ணிபோல ஆயின. ஒரு மாலை, இழையில் மாட்டிய பின்னங்காலை முயல் இழுத்த வேகத்தில் ஒரு நகம் அடியோடு கழன்று ஓரத்தில் மட்டும் ஒட்டித் தொங்கியது. அப்பெண்ணின் தந்தையார் முயலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் மற்றொரு கையில், தமக்குப் பல்வலி வந்தபொழுது வாங்கி மிஞ்சிய மாத்திரைகள் இருந்தன. "வாத்தியாரய்யா, நகம் தொங்குதுங்க. புண்ணு சீழ் வைக்காம இருக்க இதுல பாதி மாத்திரை கொடுத்துப் பார்க்கட்டுங்களா?" என்று கேட்டார். உறையைப் பார்த்தேன், அமாக்சிசிலின் என்று இருந்தது. "வேண்டாமுங்க, அதை உள்ளே வையுங்க" என்றேன்.

அவ்வாறு தடுத்ததன் காரணத்தை நீங்களும் அறியவேண்டும். முயல் உண்ணும் புல் அதன் பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பெரிய பை போன்ற உறுப்பில், எண்ணற்ற நுண்ணுயிர்களால் புளிக்கவைக்கப்பட்டே செரிக்கிறது. அந்நுண்ணுயிர்களே முயலின் அடுப்பு. அமாக்சிசிலின், ஆம்பிசிலின் முதலிய பென்சிலின் வகை மருந்துகளை முயலின் வாய்வழியாகக் கொடுத்தால் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நஞ்சு உண்டாக்கும் தீய நுண்ணுயிர்கள் பெருகும். பேதி கண்டு சில நாட்களில் முயல் இறந்துபோகலாம். நகம் போனால் வளரும். குடல் கெட்டால் உயிர் போகும். நமக்கு நன்மை செய்யும் அதே மாத்திரை, அந்தக் குழந்தையின் முயலைக் கொன்றிருக்கக் கூடும். அன்பினாலேயே அது நிகழ்ந்திருக்கும் என்பதுதான் இதில் வருந்தத்தக்கது.

அன்றிரவே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றார்கள். அவர் அவ்விடம் மரத்துப்போக மருந்திட்டுத் தொங்கிய நகத்தை நீக்கி, வலி தணிய முயலுக்கேற்ற மருந்து கொடுத்தார். மறுநாள் முயல் புல் தின்றது. சில மாதங்களில் நகமும் மீண்டது. சற்றே கோணலாக வளர்ந்திருக்கிறது, அவ்வளவே. நகம் பிறக்கும் வேர் கெடாதிருந்தால் பெயர்ந்த நகம் பெரும்பாலும் மீண்டும் வளரும்.

இத்தகைய காயத்தில் வீட்டில் செய்யத்தக்கன சில, செய்யத்தகாதன பல. நகம் ஓர் இழையில் தொங்கினாலும் நாமாக அதைப் பிடுங்கக் கூடாது. முயலைத் துண்டில் சுற்றி, இருட்டான அமைதியான இடத்தில் வைத்து, இரத்தத்தை நிறுத்தவேண்டும். காயத்தில் அழுக்கு இருந்தால், அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அதில் ஒரு தேக்கரண்டி உப்பைத் தலைதட்டிப் போட்டுக் கரைத்து, அந்நீரால் மெல்லக் கழுவி, தூய துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். காலைக் கட்டித் தொங்கவிடும் கட்டுகள் வேண்டா. இறுகக் கட்டினால் விரலுக்கு இரத்த ஓட்டம் நிற்கும். தளரக் கட்டினால் முயல் அதைக் கடித்து விழுங்கும்.

நம் வீடுகளில் இரத்தம் கண்டவுடன் காப்பித் தூளை அப்புவார்கள். சிலர் சுண்ணாம்பு தடவுவார்கள். ஈரோட்டு மஞ்சளுக்குப் பெயர்பெற்ற நம் நாட்டில் மஞ்சள் தூளை நினையாதவர் இல்லை. முயலைப் பொறுத்தவரை ஒரு விதியை மறவாதீர்கள்: காலில் தடவுவது எல்லாம் சற்று நேரத்தில் வயிற்றுக்குள் போகும். அது தன் காலை நக்கித் தூய்மை செய்யும் உயிர். சுண்ணாம்பு நாவைப் புண்ணாக்கும். காப்பியின் சத்து அச்சிறு உடலுக்கு நஞ்சு. மஞ்சள் தூள் புண்ணின் நிறத்தை மறைத்து, சிவப்பும் வீக்கமும் தெரியாமல் செய்துவிடும். நாய்க்கு உண்ணிபோக அடிக்கும் பிப்ரோனில் என்னும் மருந்தும் முயலுக்குக் கொடிய நஞ்சு; ஈ மொய்க்கிறது என்று அதை முயலின்மீது அடித்துவிட வேண்டா.

காயம் பட்ட பிறகு ஒரு வாரம் வரை நாள்தோறும் காலைப் பார்க்கவேண்டும். கூண்டில் தூசியும் உமியும் இல்லாமல், தூய வெள்ளைத் துணியோ தாளோ விரித்து, நனைந்தவுடன் மாற்றவேண்டும். விரல் வீங்குதல், சுடுதல், தீநாற்றம், காலை ஊன்றாமை ஆகியவை சீழ்கொண்டதன் அறிகுறிகள். முயலின் சீழ் நம் சீழைப்போல நீர்த்து வடிவதில்லை; தயிர்க்கட்டிபோலத் திரண்டு உள்ளேயே தங்கும். தானே உடைந்து ஆறும் என்று காத்திருப்பதில் பயனில்லை. புண்ணில் ஈ முட்டையிட்டால் ஓரிரு நாளிலேயே புழு வைத்துவிடும்.

எல்லாவற்றிலும் முதன்மையான அறிகுறி ஒன்று உண்டு. முயல் வலியை வாய்விட்டுச் சொல்வதில்லை. பகைவிலங்குகளின் நடுவே வாழ்ந்த இனமாதலின், நோயைக் காட்டிக்கொள்வது அதற்கு உயிராபத்து. வலிக்கும் நாய் முனகும். வலிக்கும் முயல் மூலையில் ஒடுங்கி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருக்கும். அப்புறம் உண்ணாது. முயலின் குடல் எந்நேரமும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டியது. வலியால் உணவை நிறுத்தினால் குடலும் நின்றுவிடும். அதுவே உயிருக்கு எமனாகும். ஆகவே, நகக்காயம் பட்ட முயல் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் உண்ணாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், காயம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும், உடனே மருத்துவரை அணுகுக. ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பில் அழும் பிள்ளையைவிட, பேசாமல் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையையே மிகுதியாகக் கவனிக்கவேண்டும் என்று பயிற்சிக் காலத்தில் கற்றோம். முயலுக்கும் அதே பாடம் பொருந்தும்.

மருத்துவருக்கு எங்கே போவது என்று திகைக்கவேண்டியதில்லை. கால்நடை பராமரிப்புத் துறையின் மருத்துவமனைகளும் மருந்தகங்களும் நம் மாவட்டத்தில் உள்ளன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் ஒன்று துடியலூருக்குக் கிழக்கே சரவணம்பட்டியில் இருக்கிறது. வளர்ப்பு முறைகளை அங்கே கேட்டறியலாம். முயலுக்கு மருத்துவம் செய்து பழகியவர் யார் என்பதை, காயம் வருமுன்பே விசாரித்து வைத்துக்கொள்வது அறிவுடைமை.

இறுதியாக, காயமே வராமல் காப்பது எப்படி என்பதைச் சொல்லுகிறேன். நகத்திற்கு வேலை கொடுங்கள். ஒரு பழைய மரப்பெட்டியிலோ அகன்ற தொட்டியிலோ பூச்சிமருந்து படாத நம் செம்மண்ணை ஒரு முழ ஆழத்திற்கு நிரப்பி வையுங்கள். முயல் அதில் இறங்கித் தோண்டும் வேகத்தைக் கண்டால், இத்தனை நாள் அதற்கு எது இல்லாதிருந்தது என்பது புரியும். அது உலாவும் வழியில் சொரசொரப்பான கருங்கல் பலகை ஒன்றைப் பதித்தால் நகநுனி சிறிது தேயும். உப்புத்தாளை விரித்துவிட வேண்டா. நகம் தேய்வதற்கு முன்பு பாதத்தோல் தேய்ந்துபோகும். இவற்றால் நகவெட்டியின் வேலை குறையுமேயன்றி அறவே நீங்காது; மறைந்திருக்கும் அந்த ஐந்தாம் நகம் எந்தக் கல்லிலும் படுவதில்லை.

விரிப்பிலும் கருத்து வேண்டும். கோணிச்சாக்கும், வளையம் வளையமாக நூல் நிற்கும் குளியல் துண்டும் ஆகா. வழவழப்பான டைல்ஸ் தரையும் ஆகாது. அதில் கால் வழுக்கி, விரல்கள் அகன்று, முயல் நகத்தால் பற்றப் பார்த்துத் தோற்கும். பவானி ஜமுக்காளம்போல இழை நெருங்கி நெய்த தட்டையான விரிப்பு ஏற்றது. ஓரத்து நூல் பிரிந்தால் மடித்துத் தைத்துவிடுக. அதன்மேல் உலர்ந்த புல்லைத் தடிமனாகப் பரப்புங்கள். காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் விளையும் கொழுக்கட்டைப் புல் மாட்டுக்கு மட்டும் உரியதன்று. உலர்த்திய அப்புல் முயலுக்குப் படுக்கையும் ஆகும், உணவும் ஆகும்.

நேயர்களே, குழந்தைக்கு முயல் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் அதனோடு ஒரு நகவெட்டியையும் வாங்குங்கள். வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, குழந்தையை அருகில் அமர்த்தி, முயலின் காலை மெல்ல எடுத்து நகங்களை எண்ணச் சொல்லுங்கள். முன்னங்கால்களில் பத்து, பின்னங்கால்களில் எட்டு. எண்ணிக்கை பதினெட்டுக்கு வந்து, ஒவ்வொன்றும் முழுமையாகவும் அளவாகவும் இருந்தால், அந்த வாரம் உங்கள் கடமை நிறைவேறியது. பதினாறோடு கணக்கு நின்றால், கட்டைவிரல் இருக்கும் இடத்தில் மயிரை ஒதுக்கி இன்னும் ஒருமுறை பாருங்கள்.